புட்டாவின் குட்டிக்கு ஒரு வீடு

பெரிய காஞ்சிபுரம்
30.06.2024, ஞாயிறு

சம்பூர்ணத்துக்கு,

முதலில் ‘அன்புள்ள’ என்று போட்டு அடித்திருக்கிறேன். வேறு தாள் எடுக்கச் சோம்பல் இல்லை. அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் விட்டுவைத்தேன்.

போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ கட் பண்ணுகிறாய். “பேசணும்னா எழுதச் சொல்லு, படிச்சிப் பாக்கறேன்” என்று சத்யப்ரியாவிடம் சொல்லியனுப்பினாயாம். உன் அக்கா மகள் அதைக் கலெக்டர் உத்தரவு மாதிரி எனக்குச் சொன்னாள். சரி, எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு இவ்வளவு நீளம் நான் எழுதியதே இல்லை.

தெருவில் எல்லாரும் உன்னைக் கேட்கிறார்கள். ஓசூரில் சத்யப்ரியாவுக்குப் பிரசவம், உதவிக்குப் போயிருக்கிறாள் என்கிறேன். பொய் இல்லையே. ஆனால் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆயிற்று. எப்போது வருவாள் என்பது அடுத்த கேள்வி. அந்தக் கேள்வி வருவதற்குள் வீட்டுக்குள் போய்விடுகிறேன்.

நடந்ததை நீயும் கொஞ்சம் நினைத்துப் பார். துரைக்கண்ணு அண்ணன் வீட்டுப் பாவு, முகூர்த்தப் புடவைக்கு. விடிந்ததும் பாவு நூலைத் தறியில் ஏற்றுவதற்காகத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி எட்டுப் பேர் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். நம் புட்டா ஒரு பூனையைத் துரத்திக்கொண்டு வந்து பட்டு இழைகளுக்கு நடுவே பாய்ந்தாள். எத்தனை இழை அறுந்தது என்று எண்ணக்கூட முடியவில்லை. “இன்னாபா இது, நாய் வேணுமா, நாங்க வேணுமா? இந்த நாய் தெருவுல இருந்தா உன் பாவுக்கு ஒரு கை வராது” என்று துரைக்கண்ணு அண்ணன் எல்லார் முன்னாலும் சொன்னார். தெரு கை கொடுக்காவிட்டால் நான் தனியாகப் பாவு பிடிக்க முடியுமா? அதனால்தான் மறுநாள் மாலை அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்த் தென்னேரி ஏரிக்கரையில் விட்டேன். தண்ணீர் உண்டு, மீன் உண்டு, பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். நீ முசரவாக்கத்தில் காதுகுத்துக்குப் போயிருந்தாய். உன்னைக் கேட்க நேரமில்லை.

போனது போகட்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் நாய்க்குட்டி விற்கிற தினேஷிடம் சொல்லி வைத்திருக்கிறேன். லாப்ரடார் குட்டி, கோதுமை அல்வா நிறம். வீட்டையும் தயார் பண்ணிவிட்டேன். எவர்சில்வர் தட்டு, மணி கோத்த சிவப்புப் பட்டை, தினம் அரை லிட்டர் பால் கூடுதல். தறிக்குழி ஓரமாகக் கோணி மடித்துப் படுக்கை போட்டிருக்கிறேன். நான் நெய்யும்போது என் காலடியிலேயே கிடக்கும். பெயர் நீ வந்து வை.

தபால்காரருக்கு மோர் கொடுத்துச் சினேகம் பிடித்து வைத்திருக்கும்,
கோதண்டபாணி


ஓசூர்
06.07.2024

வீட்டுக்காரருக்கு,

கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் கோபம் வந்தது.

இரண்டு மாதக் குட்டியைத் தறிக்குழி ஓரத்தில் யாராவது படுக்க வைப்பார்களா? தூக்கத்தில் ஒரு தடவை புரண்டால் குழிக்குள் விழும். நீங்கள் பாட்டுக்கு ரேடியோவைப் போட்டுக்கொண்டு மிதிப்பலகையை மிதிப்பீர்கள். கீழே அது கத்துவது உங்கள் காதில் விழுமா? நான் கத்தியதே விழுந்ததில்லை. நூல்கண்டு போட்ட தார்க்கூடை தரையில் இருக்கும், ஜரிகைத் துண்டு வீடெல்லாம் கிடக்கும். குட்டி எதைப் பார்த்தாலும் வாயில் போடும். ஜரிகை வயிற்றுக்குள் போனால் குடல் என்னத்துக்கு ஆகும்? பாலை அரை லிட்டர் ஊற்றினால் வயிறு ஓடும். மணி கோத்த பட்டை வேறு. ஊர்வலமா விடப் போகிறீர்கள்?

அது கிடக்கட்டும். இந்த அல்வா நிறக் குட்டி யாருக்கு? எனக்கு என்றால், நான் கேட்கவில்லை. ஒன்றைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு இன்னொன்றை வாங்கி வைத்தால் கணக்குத் தீர்ந்தது என்று நான் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவேனா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். புட்டா வயிற்றில் குட்டி இருந்தது. மடி இறங்க ஆரம்பித்திருந்ததை நான்தான் பார்த்தேன். காதுகுத்து முடிந்து வந்து உங்களிடம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். பத்தொன்பது வருடமாக நம் வீட்டில் ஒரு பிரசவம் நடந்ததில்லை. நாய்தானே என்று சிரிக்காதீர்கள். டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். அவளுக்காக நான் சேர்த்து வைத்தது இருக்கும்.

நேரமில்லை என்கிறீர்கள். என் கையில் போன் இருந்தது. தெருவைக் கேட்டீர்கள், என்னைக் கேட்கவில்லை.

சம்பூர்ணம்


பெரிய காஞ்சிபுரம்
14.07.2024, ஞாயிறு

சம்பூர்ணம்,

பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். பதினோரு துண்டு. என் பழைய வேட்டி, உன் உள்பாவாடை, தலையணை உறை. எல்லாவற்றுக்கும் ஓரம் மடித்துத் தைத்திருக்கிறாய். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாலு மணி வரைக்கும் தறிப்பக்கம் போகவில்லை.

தினேஷிடம் குட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்று காலை வாலாஜாபாத் வழியாகத் தென்னேரி போனேன்.

அவள் இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஏரிக்கரையில் லில்லி என்று ஒரு அம்மா மீன் வறுத்து விற்கிறது. கடைக்குப் பின்னால் பனையோலைத் தட்டி, அதற்குள் புட்டா. நாலு குட்டி. கண் திறந்து ஒரு வாரம் இருக்கும். மூன்று சுத்தக் கறுப்பு. ஒன்று மட்டும் வெள்ளை, முதுகில் ஒரே ஒரு பழுப்புப் பொட்டு. புடவையில் புட்டா போட்ட மாதிரி உடம்பெல்லாம் பொட்டு இருக்கிறது என்று நீ அவளுக்குப் பெயர் வைத்தாயே, அதில் ஒன்றை மட்டும் எடுத்து இதற்குக் கொடுத்திருக்கிறாள்.

நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். காதைத் தூக்கினாள். எழுந்து வரவில்லை. கிட்டே போனதும் குட்டிகளுக்கு முன்னால் வந்து நின்று உறுமினாள். நம் புட்டா, என்னைப் பார்த்து.

அந்த லில்லி அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தது. “டிவிஎஸ்ல வந்து கயித்த அவுத்து வுட்டுட்டுப் போனியே, நீதான? நான் பாத்துக்கினுதான் இருந்தேன். வண்டி பின்னாலயே ஓடியாந்துதுபா, அந்த வளைவு வரைக்கும். நீ திரும்பிக்கூடப் பாக்கல” என்றது. பக்கத்தில் மீன் தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

திரும்பிப் பார்க்கவில்லை என்பது நிஜம். பார்த்தால் நிறுத்திவிடுவேன் என்று பார்க்கவில்லை. இதை நியாயம் என்று எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

கோதண்டபாணி


ஓசூர்
20.07.2024

வீட்டுக்காரருக்கு,

அவள் இருக்கிறாள் என்ற வரியைப் படித்ததும் குழந்தையை சத்யப்ரியா மடியில் போட்டுவிட்டு மாடிக்குப் போய் அழுதேன். உங்கள் மேல் கோபம் குறைந்தது என்று அர்த்தம் இல்லை.

அவளுக்கு இடது காது மடல் கிழிந்திருக்குமே, ஆறிவிட்டதா? அந்த அம்மா அவளுக்கு என்ன கொடுக்கிறது? மீன் முள்ளைப் போடவேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்குமோ என்னவோ. கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

பொட்டுக் குட்டியை நீங்கள் கொண்டுவரப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் தெரியும். கொண்டுவருவதாக இருந்தால் ஒழுங்காகச் செய்யுங்கள். இரண்டு மாதம் முடியாமல் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. தறிக்குழிக்கு மேல் மூடப் பலகை வேண்டும், நீங்கள் எழுந்திருக்கும் ஒவ்வொரு தடவையும் மூட வேண்டும். தார்க்கூடையை ஆணி அடித்து மேலே மாட்டுங்கள். வாசல் கேட்டுக்கு அடியில் ஒரு கை இடைவெளி இருக்கிறது, முதல் நாளே அது வழியாகத் தெருவுக்குப் போய்விடும். சாயப் பொடி டப்பா இன்னும் பின்கட்டில் தரையில்தான் இருக்கிறதா? இருக்கும். தயிர் சாதம் குழைவாகப் பிசைந்து கொடுக்கலாம். உப்புப் போடக் கூடாது.

இதெல்லாம் பலகையும் ஆணியும் இருந்தால் ஆகிவிடும். பெரிய வேலை வேறு. துரைக்கண்ணு அண்ணன் வீட்டுக்குப் போங்கள். நாய் வளர்க்கப் போகிறேன் என்று அவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் அந்தக் குட்டி ஏரிக்கரையிலேயே இருக்கட்டும், பாவம். வேண்டும்போது எடுத்து வேண்டாதபோது விட அது என்ன பாவமா செய்தது?

இங்கே பிள்ளை ராத்திரி தூங்குவதில்லை, அதனால் நானும் தூங்குவதில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு என் வலது கை தானாக அசைகிறது. அந்த நேரத்துக்குத்தானே உங்களுக்கு எதிர்ப்பக்கம் தறியில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு நாடாக்கட்டை எறிவேன். சத்யப்ரியா பார்த்துவிட்டு, “இன்னா சித்தி, கொசு ஓட்டறியா?” என்றாள். ஆமாம் என்றேன்.

சம்பூர்ணம்


பெரிய காஞ்சிபுரம்
04.08.2024, ஞாயிறு

அன்புள்ள சம்பூர்ணத்துக்கு,

இந்தத் தடவை அடிக்கவில்லை.

பலகை ஆயிற்று. பின்தெரு ஆசாரி மணிவண்ணன் அளவெடுத்து இழைத்துக் கொடுத்தான். “குட்டி நாய்க்கா இம்மாம் பெரிய பலகை?” என்று கேட்டான். தார்க்கூடை இப்போது என் தலைக்கு மேல் தொங்குகிறது, ஒரு நாளைக்கு நாலு தடவை இடித்துக்கொள்கிறேன். கேட்டுக்கு அடியில் தகடு அடித்துவிட்டேன். ஜரிகைத் துண்டு பொறுக்க முழங்காலில் தவழ்ந்தேன். குட்டி உயரத்துக்குக் கீழே இறங்கிப் பார்த்தால் நம் வீட்டில் எவ்வளவு குப்பை! உன் கொலுசுத் திருகு ஒன்றும் கிடைத்தது. இரண்டு வருடம் முன்னால் நான் தொலைத்தேன் என்று சண்டை போட்டாயே, அதுதான். உன் மஞ்சள் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

துரைக்கண்ணு அண்ணன் வீட்டுக்கு மூன்று தடவை போய் வாசலோடு திரும்பினேன். நாலாவது தடவை அவரே பார்த்துவிட்டார். சொன்னேன். புட்டாவின் குட்டியைக் கொண்டுவரப் போகிறேன், பாவு போடுகிற நாளெல்லாம் கட்டிப்போடுவேன், ஆனால் வீட்டில்தான் இருக்கும் என்றேன்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? “யோவ், அது கோவத்துல வாய்ல வந்துதுயா. பாவு அறுந்துச்சுன்னா நாலு வார்த்த பேசமாட்டனா? நீ கொண்டுபோய் வுட்டுட்டு வருவன்னு யாரு கண்டா? நானே அன்னிலேர்ந்து கேக்கணும்னுகினு இருந்தேன், அந்த நாய் எங்கடான்னு.” அவர் வீட்டு அண்ணி காபி கொண்டுவந்தது. என்னால் குடிக்க முடியவில்லை. நான் பயந்தது ஒன்றுமே இல்லாததற்கு. அதற்காக அவளையும் துரத்தி, உன்னையும் போக விட்டிருக்கிறேன்.

ஒரு விஷயம் உன்னிடம் மறைத்தேன். லில்லி அம்மா முதல் நாளே என்னிடம் சொன்னது. “உங்கிட்ட குட்டி தரமாட்டேன். வூட்டுப் பொம்பள இருக்குதா? அது வந்து கேட்டா தரேன்.” இதை எழுதினால், உன்னை வரவழைக்க நான் கட்டிய கதை என்று நினைப்பாயோ என்று விட்டுவிட்டேன். மற்ற மூன்று குட்டிக்கும் ஆள் சொல்லியாயிற்று. பொட்டுக்காரிக்கு மட்டும் அந்த அம்மா யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

உன் பச்சைச் சுங்குடிப் புடவையைக் கொண்டுபோய்க் குட்டிகளுக்குக் கீழே போட்டிருக்கிறேன். வீட்டு வாசனை பழகட்டும் என்று. வீட்டு வாசனை என்று யோசித்தபோது எனக்கு உன் புடவைதான் கைக்கு வந்தது. கேட்காமல் எடுத்துவிட்டேன், அதற்கும் திட்டு.

ஒற்றை ஆளாக ஒரே நிறப் புடவையாக நெய்துகொண்டிருக்கிறேன். கரை வேறு நிறம் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். எதிர்ப்பக்கம் ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பினேன். வேறு யாரையாவது உட்கார வைத்துக்கொள் என்றார்கள். அந்த இடத்தில் என்னால் வேறு கையைப் பார்க்க முடியாது.

கோதண்டபாணி


ஓசூர்
11.08.2024

வீட்டுக்காரருக்கு,

பச்சைப் புடவையை இங்கே பெட்டி முழுக்கத் தேடினேன். அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் போல. போகட்டும், குட்டிகள் படுக்கட்டும்.

லில்லி அம்மா கேட்டது நியாயம். நீங்கள் கதை கட்டவில்லை என்றும் தெரியும். கதை கட்டுகிற அளவுக்கு உங்களுக்குச் சாமர்த்தியம் கிடையாது.

ஆனால் என்னால் இப்போது வர முடியாது. பிள்ளைக்குச் சளி என்று எழுதலாம் என்று நினைத்தேன். சளி இல்லை. இனிமேல் இங்கே எனக்கு வேலையும் இல்லை. சத்யப்ரியாவே நேற்று கேட்டுவிட்டாள், “சித்தி, சித்தப்பாவுக்கு அங்க யாரு சோறு ஆக்கறாங்க?” என்று. போ என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறது பார்த்தீர்களா இந்தக் காலத்துப் பெண்.

கோபத்தில் நான் வராமல் இருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள். கோபம் இல்லை. பயம். தெரு ஒரு வார்த்தை சொன்னதும் ஐந்து வருடம் வளர்த்தவளை வண்டியில் ஏற்றினீர்கள். நாளைக்குத் தெரு என்னைச் சொன்னால்? ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. வளைகாப்பு வீட்டில் என்னை ஓரமாக உட்கார வைத்த அன்று நீங்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றீர்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களுக்கு அது நினைவிருக்காது. எனக்கு அந்தச் செருப்பின் வார்கூட நினைவிருக்கிறது.

உங்களை நினைக்காத நாள் இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லை என்று பொய் சொல்ல எனக்கு வராது. ஆனால் பயம் போகாமல் வந்தால் அந்த வீட்டில் நான் விருந்தாளி மாதிரி இருப்பேன்.

சம்பூர்ணம்


பெரிய காஞ்சிபுரம்
18.08.2024, ஞாயிறு

அன்புள்ள சம்பூர்ணம்,

அந்தச் செருப்பு எனக்கும் நினைவிருக்கிறது. நினைவில்லாதவன் மாதிரி இத்தனை வருடம் இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை என் பாவு. தெரு முழுக்க இழுத்துக் கட்டி எட்டுப் பேர் பிடித்திருந்தார்கள். கடைசி வீட்டு லோகாம்பாள் அக்கா தண்ணீர்க் குடத்தோடு போனது. “இன்னாபா, பிரசவத்துக்குப் போனவ திரும்பறதா இல்லியா? புள்ள பெக்காதவளுக்கு அடுத்தவ புள்ள இனிக்குதா?” என்றது. ரெண்டு பேர் சிரித்தார்கள். நான் பாவு முனையைப் பிடித்தபடியே சொன்னேன். “பிரசவத்துக்கு இல்லக்கா. எம்மேல கோச்சிக்கினு போயிருக்குது. தப்பு எங்கிட்டதான். அத்தப் பத்தி இன்னொரு வார்த்த பேசறதா இருந்தா, பாவ வுட்டுட்டு எல்லாரும் போயிடுங்க. நான் ஒண்டியா சுருட்டிக்கிறேன்.” பேசிய வேகத்தில் முனையை இழுத்துவிட்டேன், இழையெல்லாம் ஆடியது. துரைக்கண்ணு அண்ணன், “டேய், பாவப் பாத்துப் புடி, ஆட்டாத” என்றார். யாரும் கையை எடுக்கவில்லை. லோகாம்பாள் அக்கா குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு போய்விட்டது.

இதைப் பத்தொன்பது வருடம் முன்னால் பேசியிருக்க வேண்டும். தெரியும்.

இன்று தென்னேரியில் ஒன்று நடந்தது. எழுதினால் உன்னை இளக்குவதற்கு எழுதினேன் என்று ஆகிவிடும். அதனால் எழுதவில்லை. நீ வா என்றும் எழுதவில்லை. பலகை இருக்கிறது, பதினோரு துண்டையும் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், நான் இருக்கிறேன். வீட்டுக்குள் ஒரு சத்தம் இல்லை சம்பூர்ணம். ரேடியோவைக்கூட நிறுத்திவிட்டேன். நீ கத்தினால் கேட்குமே என்று.

உன் கோதண்டபாணி


ஓசூர்
24.08.2024

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று தென்னேரி போய்விட்டு வந்தேன்.

உங்களுக்குச் சொல்லவில்லை. ஞாயிறு போனால் நீங்கள் இருப்பீர்கள் என்றுதான் வெள்ளிக்கிழமை போனேன். விடிகாலைப் பஸ்ஸில் ஏறி, வாலாஜாபாத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து ஏரிக்கரைக்குப் போகும்போது பன்னிரண்டு மணி. ஆட்டோவிலிருந்து காலைக் கீழே வைக்கவில்லை, எங்கிருந்தோ புட்டா வந்து என் மேல் பாய்ந்தாள். என் முகமெல்லாம் மீன் நாற்றம். அந்த நடு ரோட்டில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டேன். ஆட்டோக்காரர் மிச்சச் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், பாவம்.

லில்லி அம்மா மீன் வைத்துச் சோறு போட்டது. நல்ல கை. அப்புறம் தானாகவே பேசியது. “ஒம் புருசன் வாராவாரம் வருதுமா. அதோ அந்தக் கல்லுமேல குந்திக்கினு இருக்கும். கிட்ட வராது, கூப்புடவும் கூப்புடாது. மொதோ அஞ்சு வாரம் இது திரும்பிக்கூடப் பாக்கல. போன ஞாயித்துக்கெயம எழுந்து போச்சு. போய் அதுங் கால்மேல தலய வெச்சிப் படுத்துக்கிச்சு. அந்த ஆளு அப்பிடியே அசயாம குந்திக்கினு இருந்துதுமா, பொழுது சாயற வரைக்கும். காலு மரத்துப்போயி வண்டி ஓட்ட முடியாம தள்ளிக்கினு போச்சு.”

நீங்கள் எழுதாமல் விட்டது அதுதானா?

உங்கள் கால்மேல் தலை வைத்தாளே, அவளுக்குப் புத்தி கம்மி. எனக்கும் கம்மி என்றுதான் நினைக்கிறேன். லோகாம்பாள் அக்கா கதையை நான் தினமும் ஒரு தடவை எடுத்துப் படிக்கிறேன்.

குட்டியைக் கேட்டேன். உடனே தருகிறேன் என்றது அந்த அம்மா. நான்தான் வாங்கவில்லை. எனக்கு மட்டுமா குட்டி? செப்டம்பர் முதல் தேதி ஞாயிறு, பன்னிரண்டு மணிக்கு அங்கே இருப்பேன். என் பெட்டியோடு. நீங்கள் வண்டியில் வாருங்கள், பதினோரு துண்டில் பெரிய துண்டை எடுத்து வாருங்கள். குட்டி என் மடியில் வரும்.

புட்டாவையும் கூப்பிட்டுப் பார்த்தேன். ஆட்டோவில் ஏற மறுத்துவிட்டாள். வண்டி என்றாலே பின்வாங்குகிறாள். அவள் அங்கேயே இருக்க நினைத்தால் இருக்கட்டும், அது அவளுக்கு நல்ல இடம். வாரத்துக்கு ஒரு நாள் நாம் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

ஆனால் நாம் கிளம்பும்போது அவள் பின்னால் ஓடி வந்தால், இந்தத் தடவை அந்த வளைவில் வண்டியை நிறுத்துங்கள்.

உங்கள்
சம்பூர்ணம்